மூன்று கூண்டுகளும் ஒரு தகரப் பெட்டியும்

முப்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதத்தில் தொடங்கித் தை பிறப்பதற்குள் முடிந்துபோன நிகழ்ச்சி இது. அப்போது நான் கோலாலம்பூரில் இரயில்வே சரக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஊழியர்களுக்கென்று கட்டப்பட்டிருந்த வரிசை வீடுகளுள் ஒன்றில் குடியிருந்தோம். முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, பின்னால் சமையற்கட்டு. மணம் முடிந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிய என் மனைவி அந்த வீட்டுக்கு வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

எட்டு மாதமாகியும் அவள் தன் தகரப் பெட்டியை ஒழிக்கவில்லை. அலமாரியில் இரண்டு தட்டுகளை அவளுக்கென்று காலி செய்து வைத்திருந்தேன். அவை காலியாகவே இருந்தன. காலையில் பெட்டியைத் திறந்து ஒரு புடவையை எடுப்பாள். துவைத்து உலர்ந்ததை மாலையில் மடித்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாள். விடுதியில் தங்கிய பயணி செய்வது போலிருக்கும். ஏன் என்று கேட்டால், பெட்டியில் இருந்தால் பூச்சி அரிக்காது என்பாள். வாயிலைத் தாண்டித் தனியாக ஒரு நாளும் அவள் தெருவில் இறங்கியதில்லை. தைப்பூசம் முடிந்ததும் கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்த குடும்பமொன்று ஊருக்குத் திரும்ப இருந்தது. அவர்களோடு தானும் போவதாக அவள் சொன்னாள். எப்போது திரும்பி வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன விடை வரும் என்ற அச்சமே காரணம்.

அந்தக் குடும்பத்தாரைப் பார்த்துப் பயண விவரம் பேசுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிள்ளானுக்குப் போய்வந்தோம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்த வேளையில், பக்கத்து இருக்கையில் இருந்த பிரம்புக் கூடை ஒன்று அலறியது. ஆம், கூடைதான் அலறியது. தகரத்தை ஆணியால் கீறினால் எழும் ஓசையைப் பத்து மடங்காக்கிக் கொண்டால் அந்தக் குரலை ஒருவாறு ஊகிக்கலாம்.

கூடைக்கு உரியவர் கோவாவைச் சேர்ந்த கப்பல் பணியாளர். உள்ளே இருப்பது கிளி என்றும், தென்னமெரிக்கக் கரையிலிருந்து வந்த இன்னொரு கப்பலின் சமையற்காரரிடம் பெற்றது என்றும் சொன்னார். இதன் கத்தலைப் பொறுக்க மாட்டாத கப்பல் தலைவர், அடுத்த துறைமுகம் வருவதற்குள் ஒன்று கிளி இறங்க வேண்டும், இல்லையேல் நீ இறங்க வேண்டும் என்று கூறிவிட்டாராம். அவர் மூடியைச் சற்றே திறந்தார். நம் ஊர்ப் பச்சைக் கிளியை எதிர்பார்த்துக் குனிந்த எனக்கு வியப்பாயிற்று. தலையும் மார்பும் பழுத்த பப்பாளியின் நிறம், சிறகில் மட்டும் பசுமை, கருத்த அலகு, கண்ணைச் சுற்றி வெண்ணிற வளையம். மைனாவைவிடச் சற்றுப் பெரியது. கனூர் என்னும் இனம் அது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். அன்று எங்களுக்கு அது பெயரில்லாத ஒரு வண்ணம்.

என் மனைவியும் குனிந்து பார்த்தாள். அந்தப் பறவை எட்டி அவள் பின்னலின் நுனியைக் கவ்விக்கொண்டது. அவள் இழுக்க அதுவும் இழுத்தது. "ஏய், விடு. அது என் முடி, கயிறு இல்லே" என்றாள். பிறகு சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை. நான் அந்தக் கோவாக்காரரைப் பார்த்தேன். அவர் என் குடையைப் பார்த்தார். பேரம் அவ்வளவு விரைவாகவே முடிந்தது. என் கறுப்புக் குடையும், கிள்ளான் வீட்டார் கொடுத்தனுப்பிய ஒரு டின் முறுக்கும் அவரிடம் போயின. கிளி எங்களிடம் வந்தது. நனைந்துகொண்டு வண்டியேறினோம். வழி நெடுகிலும் அது அலறியது. எதிர் இருக்கைப் பெரியவர் பரிவோடு, குழந்தைக்கு என்ன நோய் என்று கேட்டார்.

மறுநாள் காலையில் என் மனைவியின் கூக்குரல் கேட்டு ஓடினேன். கூடைக்குள் கிளி மல்லாந்து கிடந்தது. இரு கால்களும் மேலே விறைத்து நின்றன. நனைந்த குளிரில் இறந்துவிட்டது என்றே எண்ணினோம். நான் துணி தேடித் திரும்புவதற்குள் அது ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றுக் குச்சியைக் காலால் பிடித்தது. மல்லாந்தபடியே அதைச் சுழற்றி விளையாடத் தொடங்கியது. அது அந்தப் பறவையின் பழக்கம் என்பது பிறகு தெரிந்தது. மனம் மகிழ்ந்திருக்கும்போது மட்டும் அது அப்படிக் கிடக்கும். அன்றைக்கு என் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தவள், சற்று நேரத்தில் சுவரோடு சரிந்து உட்கார்ந்து சிரித்தாள்.

இனிக் கூண்டு வேண்டுமே. எங்கள் தெரு முனையில் மூங்கிற் கூண்டு முடையும் சீனர் ஒருவர் இருந்தார். நடு வயதினர். மலாய்க்காரர்கள் குரலுக்காக வளர்க்கும் மெர்போக் என்னும் சிறு புறாக்களுக்கு அவர் செய்யும் கூண்டுகள் பெயர் பெற்றவை. குடியிருப்பு மக்களிடம் பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழும் பேசுவார். நாங்கள் அவரை முதலாளி என்ற பொருளில் 'தவுக்கே' என்று அழைப்போம். நான் கூடையோடு போய், உச்சியில் யானைத் தந்தத்தில் கொக்கி வைத்த அழகான கூண்டு ஒன்றைச் சுட்டினேன். அவர் கிளியின் அலகை உற்றுப் பார்த்தார். தலையை அசைத்தார்.

"இது கூண்டில இருக்கிற பூரோங் இல்ல, தம்பி. இது கூண்டைச் சாப்பிடற பூரோங்."

பூரோங் என்றால் மலாயில் பறவை. விலை மிக்க வேறு எதையோ என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நான் கருதினேன். இதுதான் வேண்டும் என்று வற்புறுத்தி வாங்கி வந்தேன். மாலை விளக்கேற்றும் நேரத்துக்குள் மூங்கிற் குச்சிகளுள் பாதி தரையில் சிதறிக் கிடந்தன. தந்தக் கொக்கி மட்டும் அப்படியே இருந்தது. கிளி என் எழுதுமேசைமேல் நின்று, நான் அரும்பாடுபட்டுப் படியெடுத்து வைத்திருந்த செய்யுட்சுவடியின் முதல் ஏட்டைச் சுவைத்துக்கொண்டிருந்தது.

நான் செய்த தவறு அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மறுநாள் அந்தச் சிதைந்த கூண்டைத் தூக்கிக்கொண்டு போய், நாலு பேர் பார்க்க அந்தச் சீனரைக் கடிந்துகொண்டேன். உறுதியில்லாத பொருளை விற்றுவிட்டதாகச் சொன்னேன். தூய செந்தமிழில்தான் சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கிற்றோ தெரியாது. சினம் மட்டும் விளங்கியிருக்கும். அவர் கூண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளி கடித்த இடங்களை விரலால் தடவிப் பார்த்து, ஒரு கைவினைஞன் இன்னொருவன் வேலையை மெச்சுவதுபோலத் தலையை ஆட்டினார்.

இரண்டாவது கூண்டு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்காரர் செந்தூல் இரயில் பணிமனையில் இயந்திரம் பொருத்தும் பிட்டர், கத்தோலிக்கர், எதையும் சிரிக்காமல் சொல்லிப் பிறரைச் சிரிக்க வைப்பவர். என் பேச்சு முறையைக் கேலி செய்து என்னைப் 'புலவர்' என்றே அழைப்பார். நான் அவரை அண்ணன் என்பேன். அவரிடம் பழைய கோழிக் கூண்டு ஒன்று இருந்தது. கம்பியாலானது, கிளியால் கடிக்க இயலாது. ஆயினும் கோழியின் தலைக்கு அளந்த இடைவெளி கிளியின் தலைக்கு ஒரு வாயிலாயிற்று. இரண்டாம் நாள் அது தலையை வெளியே நீட்டிவிட்டு, உள்ளே இழுக்க முடியாமல் குடியிருப்பே அதிரக் கத்தியது. அண்ணன் குறடு கொண்டுவந்து ஒரு கம்பியை வளைத்தார், என் மனைவி அதன் கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள், தலை விடுபட்டது. விடுபட்ட தலை முதற்காரியமாக அண்ணனின் கட்டை விரலைக் கவ்வியது.

விரலைச் சூப்பிக்கொண்டே அவர், இந்தச் சின்னத் துரைக்குத் தாமே வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். ஒரு வாரம் வேலை முடிந்து வந்த மாலை வேளைகளில் எங்கள் பின்புறத்தில் உட்கார்ந்து மூன்றாவது கூண்டைச் செய்தார். கம்பிகளுக்கிடையே என் மனைவியின் சுண்டுவிரல் நுழையலாம், கட்டை விரல் நுழையலாகாது என்பது அளவு. சிறகை முழுதாக விரித்து இறங்க வேண்டும் என்பதற்காக, உயரத்தைவிட அகலத்தை மிகுதியாக வைத்தார். கதவுக்குச் சாதாரணக் கொக்கி போட்டதும் கிளி அதை அலகால் தூக்கித் திறந்து வெளியே வந்து அவரைப் பார்த்தது. அவர் எழுந்து போய், சரக்கு வண்டிக் கதவுக்குப் போடும் கொண்டியையும் அதில் செருகும் ஆணியையும் கட்டை விரல் அளவில் செய்துகொண்டு வந்தார். கிளி அதை மூன்று நாள் ஆராய்ந்து கைவிட்டது. கூண்டுக்கு இரயில் பெட்டியின் நிறத்தைப் பூசிவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது மட்டும் என் மனைவி இசையவில்லை. வண்ணநெடி அவளுக்குத் தலைவலி தரும். கூண்டு வெறும் இரும்பாகவே முன்னறைச் சன்னலருகே நின்றது.

அந்த நாட்களில் எங்கள் வீடு வேறொரு வீடாயிற்று. பப்பாளி, வேகவைத்த சோளம், ஊறவைத்த பயறு என்று எது கிளிக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை என் மனைவி ஒவ்வொன்றாகக் கண்டறிந்தாள். பித்தளைக் கிண்ணத்தில் நீர் வைத்தால் அது அதில் இறங்கிக் குளித்து அறை முழுவதும் தெளிக்கும். இவள் அதட்டுவாள், அது தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மறுபடியும் தெளிக்கும். நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வாயிலிலேயே நின்று அன்றைய செய்திகளைச் சொல்வாள். கப்பற்பயணத்தைப் பற்றிய பேச்சு குறைந்தது. ஆனால் தகரப் பெட்டி ஒழியவில்லை.

இவ்வளவும் சரியாக நடந்த நிலையில், என் கல்விச் செருக்கு குறுக்கிட்டது. மார்கழி பிறந்தது. கிளி அம்மையின் திருக்கரத்தில் அமர்ந்திருக்கும் பறவை. அதற்கு முன்னறைச் சன்னல் தகுந்த இடமன்று, வழிபாட்டு மூலையே உரிய இடம் என்று எனக்குத் தோன்றியது. உள்ளறையில் படங்களும் விளக்கும் இருந்த மூலையில், என் மனைவியின் தகரப் பெட்டிக்கு நேர்மேலே, கூண்டை நானே தொங்கவிட்டேன். பார்க்க மிக அழகாக இருந்தது. மார்கழியில் எங்கள் வீட்டில் விடியற்காலையும் மாலையும் வழிபாடு உண்டு. தேங்காய் மட்டைக் கனலில் சாம்பிராணியைத் தூவித் தூபக்காலைப் படங்களுக்குக் காட்டிவிட்டு, அம்மையின் பறவையாயிற்றே என்று, கூண்டுக்குக் கீழேயும் மூன்று முறை சுற்றிக் காட்டுவேன். கிளி தும்மும். அது நான் பாடும் திருப்பாட்டைப் பாராட்டுகிறது என்று மகிழ்ந்தேன்.

பத்து நாள் கழிந்தபோது கத்தல் குறைந்தது. குடியிருப்பார் சிலர் நிம்மதி என்றனர். பிறகு அது குளிப்பதை நிறுத்தியது. இறகுகளை உப்ப வைத்துக்கொண்டு, கண்களை மூடி, உட்காரும் மூங்கிலின் ஓரத்தில் ஒடுங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் அசைந்தது. பப்பாளியைத் தொடவில்லை. கண்ணேறு என்று முடிவு செய்தோம். குடியிருப்பில் அதை வந்து பார்க்காதவர் யார்? உப்பும் கடுகும் வற்றல் மிளகாயும் எடுத்துக் கூண்டை மூன்று முறை சுற்றிக் கனலில் இட்டேன். நாங்கள் இருவரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடினோம். கிளியால் ஓட முடியவில்லை.

மறுநாள் பிற்பகலில் நான் வீடு திரும்பியபோது அது கூண்டின் தரையில் கிடந்தது. மல்லாந்து அன்று, குப்புற, சிறகுகள் தளர. என் மனைவி கூண்டின் முன் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"விளையாடலேங்க" என்றாள். பிறகு, "இது போயிட்டா நான் பூசம் வரைக்கும்கூட இருக்க மாட்டேன். அடுத்த கப்பல்லே என்னை ஏத்தி விட்டுடுங்க" என்றாள்.

நான் மாட்டு மருத்துவரைத் தேடிப் போகலாமா என்று தடுமாறினேன். அந்தச் சீனரிடம் காட்டலாம், பறவைகளோடு வாழ்கிறவர் என்று அவள்தான் சொன்னாள். நாலு பேர் முன்னால் நான் கடிந்துகொண்டவர் அவர். எந்த முகத்தோடு போவது? என் தயக்கத்தை அவள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். அடியில் கிடந்த கூறைப்புடவையை உருவி எடுத்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது, குடைதான் கிள்ளானோடு போயிற்றே. புடவையைக் கூண்டைச் சுற்றிப் போர்த்தி, கூண்டை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கினாள்.

"நீங்க வரலேன்னா இருங்க. நான் போறேன்."

எட்டு மாதம் தனியாக வாயிலைத் தாண்டாதவள் படியிறங்கி, சடக்கு என்று நாங்கள் சொல்லும் சாலையில் நடந்தாள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் பாதித் தெருவைக் கடந்துவிட்டாள். பக்கத்து வீட்டு வாயிலில் நின்ற அண்ணன் வாயில் வைத்த சுருட்டை எடுக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை முன்னிருந்த அஞ்சடி நடைபாதையில் அவள் கூண்டை இறக்கினாள். அந்தச் சீனர் மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், பழைய கதை நினைவில் இருந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. போர்த்தியிருந்த புடவையை எடுத்தார். எடுத்தவர் கிளியைப் பார்க்கவில்லை. புடவையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். அதன் பிறகே குனிந்து கிளியின் வால் அசைவதைக் கவனித்தார். பெட்டி எந்த மூலையில் இருந்ததோ அந்த மூலையின் மணமெல்லாம் அந்தப் பட்டில் ஏறியிருந்தது. எங்கள் மூக்குக்கு அது வீட்டின் மணம், தெரியவே இல்லை.

எங்கே தொங்கவிட்டாய் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த சந்தை மலாயிலும் கையசைவிலுமாகச் சாமி மூலை, கனல், சாம்பிராணி, மிளகாய் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாயைக் கேட்டதும் அவர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பற்றிக் கடைக்குள் அழைத்துப் போனார். முன்பகுதியில், தெருவைப் பார்த்தபடி, அவருடைய தெய்வத்தின் சிவப்பு மாடம் இருந்தது. ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு கதவு, ஒரு நடை, இன்னொரு கதவு. அதற்கும் அப்பால் ஆற்றுக் காற்று வீசும் பின்முற்றத்தில் இருபது முப்பது பறவைகள். நடுவே நின்று அவர் இரு புறமும் கை காட்டினார்.

"சாமி அங்க. பூரோங் இங்க. சாமி கோவிக்காது லா."

புகை நமக்கு மணமாக இருக்கலாம், பறவையின் சிறிய மார்புக்குள் அது நஞ்சு என்பதை அவர் மலாயும் தமிழுமாக விளக்கினார். தொழிலுக்கு வந்த புதிதில் மாடத்துக்கு அடியிலேயே கூண்டுகளை வைத்திருந்தாராம். தெய்வத்தின் கண்பார்வையில் இருக்கட்டும் என்றுதான். ஒரே மாதத்தில் ஏழு பறவைகள் போயின. அதைச் சொல்லும்போது என் தோளைத் தட்டினார். நான் மட்டுமே மூடன் அல்லன் என்று ஆறுதல் கூறுவது போலிருந்தது. அன்று அவரை வைதவனுக்கு அந்தத் தட்டலைத் தாங்குவது எளிதாக இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கூண்டின் கம்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்ணம் பூசாமல் விட்டது யார் என்று கேட்டார். இந்த அலகு பூச்சையெல்லாம் சுரண்டித் தின்றுவிடும், அதிலும் நஞ்சுண்டு என்றார். நான் மனைவியைக் காட்டினேன். அவர் அவளுக்கு முன்னால் பாதி குனிந்து வணங்கினார்.

கிளி அங்கேயே தங்க வேண்டும் என்பது அவர் முடிவு. பிழைக்குமா என்றதற்கு அவர் உறுதி கூறவில்லை. காற்று நல்லது, பார்க்கலாம் என்றார். பின்முற்றத்தில் நேர்க்காற்று படாதபடி மூன்று பக்கம் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். தேன் கலந்த இளஞ்சூட்டு நீரை மூங்கிற் குழலின் நுனியில் எடுத்து அலகருகே சொட்டினார்.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் போனோம். கிளி கண் திறக்கவில்லை. அதற்கும் மறுநாள் எனக்கு வேலை. மாலையில் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். நண்பகலிலேயே அவள் தனியாகப் போய்வந்துவிட்டாள். மூன்றாம் நாள் அது பப்பாளி விதை ஒன்றை அவள் விரலிலிருந்து வாங்கிற்று என்ற செய்தியை, நான் சட்டையைக் கழற்றுமுன் சொன்னாள். ஒரே பருமனுள்ள மூங்கிலில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், பருத்தும் சிறுத்தும் இருக்கும் கொய்யாக் கிளை வேண்டும் என்று சீனர் கூறினாராம். கிளையைத் தேடி அவள் ஆற்றங்கரை வரை போயிருக்கிறாள். கொடுத்தது ஒரு மலாய்க்காரப் பெண்மணி. மொழி தெரியாமலே இருவரும் அரைமணி நேரம் பேசியிருக்கிறார்கள். சோளம் வாங்கப் பாசார் என்னும் சந்தைக்கும் போயிருக்கிறாள். அங்கே மீன் விற்பவளின் மகளுக்கு மணம் நிச்சயமாகியிருக்கிறதாம். எட்டு மாதம் அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எட்டே நாளில் எனக்குத் தெரியாத பாதிப் பேரை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன் செய்தியனைத்தையும் கேட்டுவிட்டு வந்து என் வழிபாட்டு மூலையைப் பார்த்தார். "எங்க கோயில்லயும் தூபம் போடுறோம், புலவரே. ஆனா சாமியார் கிளியைப் பீடத்துல தொங்க விட்டதில்ல" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. என் மனைவி சமையற்கட்டுக்குள் ஓடிவிட்டாள். அங்கிருந்து அடக்க முடியாத இருமல் போன்ற ஓசை வந்தது.

ஒன்பதாம் நாள் காலை. பொங்கலுக்கு முந்தின நாளாதலால் நான் விடுப்பில் இருந்தேன். வாயிலில் காலடி ஓசை. அந்தச் சீனர் நின்றார். தலையில் தொப்பி இல்லை; காலில் செருப்பு இல்லை; ஓடி வந்திருக்கிறார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி, மன்னிக்கணும். நேத்து நல்லா இருந்துச்சு. காலையில பார்த்தேன். செத்துப்போச்சு" என்றார்.

தகரப் பெட்டியின் மீதுதான் என் பார்வை போயிற்று. என் மனைவி கையிலிருந்த கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"தவுக்கே, எப்படிக் கிடக்கு?"

அவர் வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. இரு கைகளையும் உயர்த்தி விரல்களை விறைப்பாக வானத்தை நோக்கி நீட்டிக் காட்டினார்.

அவள் ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். சிவப்பு மாடம், ஒரு கதவு, நடை, இன்னொரு கதவு. பின்முற்றத்தில் கூண்டின் தரையில் கிளி மல்லாந்து கிடந்தது. இரண்டு கால்களும் மேலே. சீனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது அது ஒரு கண்ணைத் திறந்தது. கொய்யாக் கிளையின் சுள்ளியொன்றைக் காலால் பற்றிச் சுழற்றியது. எங்களைப் பார்த்ததும், ஏழு கடைகளுக்குக் கேட்கும்படி, கிள்ளான் நிலையத்தில் கேட்ட அதே குரலில் அலறியது.

சீனர் ஓரடி பின்னால் துள்ளினார். அவருக்கு முன்னால் ஒரு பறவையும் அப்படிக் கிடந்து உயிரோடு எழுந்ததில்லை. நாங்களோ அந்தப் பழக்கத்தை அவரிடம் சொல்ல மறந்திருந்தோம். என் மனைவி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பைக் கூட்டிக்கொண்டே நடையைக் கடந்து கடை முன் வந்து, அஞ்சடியில், போவோர் வருவோர் பார்க்க, தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவர் முதலில் அவளைப் பார்த்தார்; பிறகு தம் வெறுங்கால்களைப் பார்த்தார்; பிறகு தாமும் சிரித்தார். நான்? நான் அங்கே நின்று அழுதேன் என்றால் நம்ப வேண்டும். அதை இருவரும் பார்க்கவில்லை.

கிளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி இரண்டு அறைகளையும் நின்று நிதானித்துப் பார்த்தாள். முன்னறையின் சன்னலோரம், காற்று வந்து போகும் இடம். அங்கே உயரமாக ஒன்று வேண்டியிருந்தது. அவள் உள்ளறைக்குப் போனாள். வெகு நேரம் வரவில்லை. பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சன்னலோரத்தில் போட்டாள். தரையில் அது எழுப்பிய ஒலியிலிருந்தே தெரிந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அதன்மேல் கூண்டை வைத்துக் கதவின் கொண்டியைச் சரிபார்த்தாள். நான் உள்ளே போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இரண்டு தட்டுகளிலும் புடவைகள். மேலாக, கிளியின் எச்சக் கறை போகாத கூறைப்புடவை.

மறுநாள் பொங்கலை முற்றத்தில் வைத்தோம். புகை தெருவை நோக்கிப் போகுமாறு அடுப்பைத் திருப்பியது அவள். முதற்பங்கு சீனரின் கடைக்குப் போயிற்று. கிள்ளான் குடும்பத்தார் தைப்பூசம் முடிந்ததும் கப்பலேறினார்கள். நாங்கள் துறைமுகம் வரை சென்று வழியனுப்பிவிட்டு, இருவருமாகவே திரும்பி வந்தோம்.

ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் இன்றும் மார்கழி வழிபாடு உண்டு, தூபமும் உண்டு. ஆனால் அன்று முதல், என் வீட்டுக்குப் புதிதாக வரும் உயிர் எதுவாயினும், அதற்குச் சிறந்த இடம் எது என்று நான் தீர்மானிப்பதில்லை. எந்தச் சன்னலருகே அதற்கு நன்றாக மூச்சு வருகிறது என்று காத்திருந்து பார்க்கிறேன்.